சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்? அவசரம்

புதுவரவு:
சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. அம்மாவை நேற்றிரவு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். நான் பார்த்த விமானம் இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு 9.35க்குச் சென்னை சேரும் என்று போட்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் எப்படிப் போக முடியும்? தூரம் எவ்வளவு? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜூரோங்வாசி:
தம்பி, அது சரிதான். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், பயணம் நாலு மணி நேரம். திரும்பும்போது இதுவே ஆறரை மணி நேரம் போலத் தெரியும். அப்போதும் பதறாதீர்கள்.

தேக்கா அண்ணன்:
நான் 2009இல் வந்த மூன்றாம் மாதமே தாத்தா போய்விட்டார். லீவு கேட்கப் பயந்து அறையிலேயே அழுதேன். வேலை புதிது தம்பி, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:
பொறுக்கச் சொல்லாதீர்கள். வேலை வேறு கிடைக்கும், அம்மா கிடைப்பாரா? கொழும்பு வழியாகப் பாருங்கள், சில நாள் கட்டணம் குறைவாக இருக்கும்.

ஜூரோங்வாசி:
கொழும்புக்கே நாலு மணி நேரம் ஆகும் அக்கா. அங்கே காத்திருந்து, பிறகு இன்னொரு விமானம் ஏற வேண்டும். இந்த நிலையில் அவருக்கு அது வேண்டாம்.

தேக்கா அண்ணன்:
நேரடி விமானத்தில் கட்டணம் கொடுத்து மாளுமா? தீபாவளி வந்தால் போதும், ஏறிவிடுகிறது. வருடம் முழுக்கச் சேர்த்த காசு ஒரே பயணத்தில் கரைகிறது.

உட்லண்ட்ஸ் அக்கா:
பள்ளி விடுமுறையிலும் அதே கதைதான். நாலு பேர் குடும்பம் ஊருக்குப் போவதென்றால் மலைப்பாக இருக்கிறது.

செங்காங் தமிழன்:
கட்டணத்தை அப்புறம் பேசலாம். தம்பி, அம்மா எந்த ஊர் மருத்துவமனையில் இருக்கிறார்? உங்கள் வேலை அனுமதிப் பாஸை வழங்கிவிட்டார்களா, இன்னும் ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம்தானா? அந்தக் கடிதம் ஒருமுறை உள்ளே வருவதற்கு மட்டுமே. அதை நம்பி வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல்.

புதுவரவு:
அம்மா புதுக்கோட்டையில் இருக்கிறார். என்னுடையது எஸ் பாஸ் வகை வேலை அனுமதி, மருத்துவப் பரிசோதனை முடிந்தது. கையில் ஐபிஏ மட்டும்தான்.

செங்காங் தமிழன்:
அப்படியானால் சென்னையே வேண்டாம். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, அதுவும் ஏறத்தாழ நாலு மணி நேரம்தான். அங்கிருந்து புதுக்கோட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள். சென்னையில் இறங்கினால் மேலும் ஏழு மணி நேரம் சாலையில் போய்விடும். டிக்கெட் போடுமுன் நிறுவனத்தாரிடம் நிலைமையைச் சொல்லி, பாஸை இன்றே இணையத்தில் வழங்கச் சொல்லுங்கள். அப்போது வரும் அறிவிப்புக் கடிதத்தை வைத்து, பாஸ் அட்டை வரும்வரை ஒரு மாதத்துக்குள் போய் வரலாம். திரும்பும்போது, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், சிங்கப்பூருக்குள் வருவோர் இணையத்தில் நிரப்பும் மின்வருகை அட்டையை நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

புதுவரவு:
நன்றி அண்ணா. மதியமே பாஸ் வழங்கிவிட்டார்கள், கடிதத்தை அச்செடுத்துவிட்டேன். இன்றிரவு திருச்சிக்குப் போகிறேன். அம்மா இப்போதுதான் போனில் இரண்டு வார்த்தை பேசினார்.