மறையாக்கிய அறிக்கைகளில் தேடுவதற்குப் பிளாக்செயின் தேவைதானா?

தரவுத்தள நிரலர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சில மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் நோயாளிகளின் அறிக்கைகளை மறையாக்கம் செய்து ஒரு பொதுவான கிளவுட் சர்வரில் வைத்து, ‘காசநோய்’, ‘தைராய்டு’ போன்ற சொற்களைக் கொண்டு அவற்றில் தேடுவதற்கான மென்பொருளை வடிவமைத்து வருகிறேன். அறிக்கையில் உள்ளதையோ தேடும் சொல்லையோ சர்வர் அறியக் கூடாது. கிடைத்த முடிவுகளில் சிலவற்றைச் சர்வர் விட்டுவிட்டால் அது நமக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்காக, தேடல் அட்டவணை முழுவதையும் எத்தீரியம் என்ற பொதுப் பிளாக்செயினில் (பல கணினிகள் நகல் வைத்திருக்கும், எழுதியதை மாற்ற முடியாத பதிவுச் சங்கிலியில்) ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்துக்குள், அதாவது சங்கிலியிலேயே இயங்கும் நிரலுக்குள் வைத்து, தேடலையும் அந்த ஒப்பந்தமே செய்யும்படி அமைக்கலாம் என்று எண்ணுகிறோம். ஏறத்தாழ 10,000 அறிக்கைகள், ஒவ்வொன்றிலும் 20 சொற்கள். இதில் உள்ள இடர்கள் எவை?

குறியாக்க ஆய்வாளர்:

இத்தகைய தேடல் பிளாக்செயினுக்கு முற்பட்டது. டான் சாங், டேவிட் வேக்னர், ஏட்ரியன் பெரிக் ஆகிய ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே அதற்கு வழி காட்டினார்கள். இன்று வழக்கில் உள்ள அமைப்புகள் பலவற்றில், ‘காசநோய்’ என்ற சொல்லை இரகசியச் சாவியோடு சேர்த்து ஹாஷ் செய்தால், அதாவது திரும்ப மீட்க முடியாதபடி கலக்கிச் சுருக்கினால், பொருளற்ற ஓர் எண் கிடைக்கிறது. அச்சொல் வரும் அறிக்கைகளின் அடையாள எண்கள் மறையாக்கப்பட்டு, அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே நிற்கின்றன. தேடும்போது சொல்லுக்குப் பதிலாக அந்த எண்ணே டோக்கனாகச் செல்கிறது. சொல் வெளிப்படாது. ஆனால் அதே டோக்கன் மீண்டும் வந்ததும், அதற்கு எத்தனை அறிக்கைகள் கிடைத்தன என்பதும் வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கசிவை இப்போது ஒரு சர்வர் மட்டுமே பார்க்கிறது. தேடலைப் பொதுச் சங்கிலிக்குக் கொண்டுபோனால், அதே கசிவை யார் வேண்டுமானாலும், எத்தனை ஆண்டுகள் கழித்து வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஒப்பந்தங்களை எழுதும் சாலிடிட்டி மொழியில் ஒரு மாறியைப் ‘பிரைவேட்’ என்று அறிவிப்பதால் பிற ஒப்பந்தங்கள்தாம் அதைப் படிக்க முடியாதே தவிர, சங்கிலியின் நகலை வைத்திருக்கும் எந்தக் கணுவிலிருந்தும் (கணினியிலிருந்தும்) அதன் மதிப்பை எடுத்துவிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. 1,024 சொற்கள் கொண்ட அகராதிக்கு, ஒவ்வொன்றிலும் அதில் பாதிச் சொற்கள் வருமாறும், ஒவ்வொரு சொல்லும் தனக்கே உரிய சேர்க்கையில் அமையுமாறும் 10 போலி ஆவணங்களைத் தயாரித்து உள்ளே நுழைத்துவிட்டால், ஒரு டோக்கனுக்கு அந்தப் பத்தில் எவை எவை கிடைத்தன என்பதைக் கொண்டே சொல்லைப் படித்துவிட முடியும் என்று ஜோனதன் காட்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். வெளி மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் உங்கள் அமைப்பு ஏற்குமானால், நுழைப்பது கடினமும் அன்று. ஆகவே அறிக்கைகளின் அடையாள எண்களை ஒப்பந்தமே மறைநீக்கித் தரும்படி அமைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

கணு நடத்துபவர்:

செலவையும் பார்த்துவிடுங்கள். எத்தீரியத்தில் புதிதாக 32 பைட் எழுத 20,000 கேஸுக்கு (சங்கிலியில் செய்யும் வேலைக்கான கட்டண அலகுக்கு) குறையாது; ஒருவருக்கு அதன் நாணயமான ஈத்தரை அனுப்புவதற்கு ஆகும் கேஸே 21,000தான். உங்கள் கணக்கில் 2,00,000 பதிவுகள், அதாவது குறைந்தது 400 கோடி கேஸ்.

அட்டவணை சர்வரிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சொல்லின் முழுப் பட்டியலையும் ஹாஷ் செய்து, அந்த ஹாஷ்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே மேலே சென்றால் கிடைக்கும் மெர்க்கில் வேரை, அந்த 32 பைட்டை மட்டும், சங்கிலியில் எழுதுங்கள். முடிவுகளோடு வேர் வரையிலான ஹாஷ்களையும் சர்வர் தர வேண்டும். ஓர் அறிக்கையை விட்டாலும் வேர் பொருந்தாது. நோயாளி தம் தகவலை அழிக்கச் சொன்னால் அதற்கும் இவ்வமைப்பே ஏற்றது; 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது, பிளாக்செயினோ எதையும் அழிக்க விடாது.

தரவுத்தள நிரலர்:

இருவருக்கும் நன்றி. அவ்வாறாயின், அந்த 32 பைட்டை நாங்களே எங்கள் கணினியில் வைத்துக்கொள்ளலாமே, சங்கிலி எதற்கு?

குறியாக்க ஆய்வாளர்:

எழுதுபவரும் தேடுபவரும் ஒருவரே என்றால் சங்கிலி வீண்செலவு. பல ஆய்வுக் கட்டுரைகள் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன என்பது என் ஆதங்கம். உங்களிடமோ பல கூடங்கள் தனித்தனியாக அறிக்கை சேர்க்கின்றன. ஒரு கூடம் காலையில் சேர்த்ததை மறைத்து, முந்தைய நாளின் வேரையே இன்னொரு கூடத்துக்குச் சர்வர் காட்டினால், காட்டிய வேரும் முடிவும் தம்முள் பொருந்தியே இருக்கும். எல்லோரும் ஒரே வேரைப் பார்க்கிறார்கள் என்பதற்கு மட்டுமே சங்கிலி பயன்படுகிறது. கூடங்கள் மட்டும் சேர்ந்து நடத்தும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற அனுமதிச் சங்கிலியே அதற்குப் போதும்.

கணு நடத்துபவர்:

வேரை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எழுதுவது என்பதை மட்டும் கூடங்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இரவில் ஒருமுறை எழுதினால், அன்று பகலில் சேர்ந்த அறிக்கைகளுக்கு மறுநாள் வரை சரிபார்ப்பு இராது.