என்ஜின்எக்ஸில் பேஜ்ஸ்பீட் மாட்யூல் ஏற மறுக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடுகிறது, பேக்கேஜாக நிறுவியது. அதே பதிப்பின் சோர்ஸை இறக்கி, பேஜ்ஸ்பீடை (படங்கள், சிஎஸ்எஸ் போன்றவற்றைச் சுருக்கி தளத்தை வேகமாக்குவது) டைனமிக் மாட்யூலாக, அதாவது தனியாக ஏற்றும் கூடுதல் பகுதியாக, கம்பைல் செய்தேன். எரர் எதுவும் வரவில்லை. கான்ஃபிக் கோப்பின் தலையில் லோட் மாட்யூல் வரியைச் சேர்த்துச் சோதித்தால் மட்டும் "இஸ் நாட் பைனரி கம்பாட்டிபிள்" என்று நின்றுவிடுகிறது. பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றுதான். வேறு எங்கே பார்ப்பது?

பதில்:
பதிப்பு மாறியிருந்தால் இரண்டு எண்களையும் காட்டி வேறு செய்தி வரும். உங்களுக்கு வந்திருப்பது கம்பைல் ஆப்ஷன்கள் ஒத்துப்போகாததால். என்ஜின்எக்ஸ் கட்டளையோடு பெரிய எழுத்து வி கொடுங்கள், எந்த ஆப்ஷன்களோடு கட்டப்பட்டது என்று முழுப் பட்டியல் வரும். அதில் வித்-கம்பாட் (தனியாகக் கட்டிய மாட்யூல்களோடு ஒத்துப்போக வைக்கும் ஆப்ஷன்) இருந்தால் கான்ஃபிகர் செய்யும்போது நீங்களும் அதைச் சேர்த்தால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டு, கடைசியில் ஆட்-டைனமிக்-மாட்யூல் வரியைச் சேருங்கள். அப்புறம் மேக் மாட்யூல்ஸ் மட்டும் ஓட்டுங்கள். மேக் இன்ஸ்டால் வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் மேலேயே புதியதை எழுதிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! பட்டியலில் வித்-கம்பாட் இருந்தது. சேர்த்துக் கட்டியதும் ஏறிவிட்டது, மாட்யூல் இயங்குவதைக் காட்டும் எக்ஸ்-பேஜ்-ஸ்பீட் ஹெடரும் வருகிறது. ஆனால் சிஎஸ்எஸ் கோப்புகள் மட்டும்தான் மாறுகின்றன. படங்கள் பழைய அளவிலேயே இறங்குகின்றன.

பதில்:
முதல் தடவை திறந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பக்கத்தை அனுப்பும்போது மாட்யூல் காத்திருப்பது இயல்பாக 10 மில்லிசெகண்ட்தான். அதற்குள் முடியாத வேலையைப் பின்னணியில் முடித்து கேஷில் வைக்கும், அடுத்து வருபவருக்குத்தான் சுருங்கிய படம் போகும். சில தடவை புதுப்பித்தும் மாறாவிட்டால், முகவரியின் பின்னால் பேஜ்ஸ்பீட்ஃபில்டர்ஸ் என்று எழுதி, சமக்குறி, பிளஸ், டீபக் சேர்த்துத் திறந்து, வியூ சோர்ஸ் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஏன் தொடவில்லை என்று கமெண்டாக எழுதியிருக்கும். என்னைக் கேட்டால் இந்த மாட்யூலிலேயே மிக அருமையான வசதி இதுதான்.

கேட்டவர்:
பார்த்தேன். படத்தின் டொமைன் "நாட் ஆதரைஸ்டு" என்கிறது. படங்கள் தனி சப்டொமைனிலிருந்து வருகின்றன.

பதில்:
அப்படியென்றால் விஷயம் அதுதான். பக்கம் எந்த டொமைனில் இருக்கிறதோ அதை மட்டும்தான் தானாக நம்பும். பேஜ்ஸ்பீட் டொமைன் என்ற வரியில் சப்டொமைனையும் எழுதி ரீலோட் செய்யுங்கள்.

கேட்டவர்:
வேலை செய்கிறது! படங்களின் பெயரில் இப்போது "பேஜ்ஸ்பீட்" என்று வருகிறது.

இன்னொரு பதில்:
நல்லது. ஒன்று கவனியுங்கள்: என்ஜின்எக்ஸ் பேக்கேஜ் தானாக அப்டேட் ஆனால் இந்த மாட்யூல் ஏறாது, அடுத்த ரீஸ்டார்ட்டில் தளமே எழும்பாது. பேக்கேஜை ஹோல்டில் போடுங்கள், தானாக அப்டேட் ஆகாது. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டி, சோதித்த பிறகே அப்டேட் செய்யுங்கள். 2010-இல் கூகுள் அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வருக்காக வெளியிட்ட திட்டம் இந்த பேஜ்ஸ்பீட். இப்போது யாரும் வளர்ப்பதில்லை. புதிதாக சர்வர் போடுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். படங்களை முன்கூட்டியே வெப்பி (அளவு குறைந்த பட வடிவம்) ஆக்கி, ஜிஜிப் சுருக்கமும் கேஷ் காலாவதியும் ஒழுங்காக வைத்தாலே பெரும்பகுதி வேகம் கிடைத்துவிடும்.