கையெழுத்துக்கு முன்னாலா, பின்னாலா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரப் பாட்டுக்காரர்களின் வக்கீல் அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் பாடகர்:

கோயில் திருவிழாக்களில் பாடுகிறவன் நான். சொந்தமாக எழுதி மெட்டுப் போட்ட ஒன்பது அம்மன் பாட்டு கையில் இருந்தது. ஒலிப்பதிவுச் செலவு முழுக்கத் தானே ஏற்று, மேலே 8,000 ரேண்ட் தருவதாக ஒருவர் வந்தார். ஐசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவில் பாடி இறங்கியிருந்தேன், வியர்வை கூடக் காயவில்லை. கார் பானெட் மேல் ஆறு பக்கத்தை விரித்து, "சும்மா ஃபார்மாலிட்டிதான் அண்ணா" என்று பேனாவை நீட்டினார். படிக்கத் தெரியாதவன் இல்லை. ஆள் எதிரில் நிற்கும்போது வரி வரியாகப் படித்தால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான். என் மனைவி, "கண்ணாடி வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறோம்" என்று பத்திரத்தை மடித்துக் கைப்பையில் போட்டுவிட்டாள். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பத்திரத்தோடு வக்கீலிடம் போனோம். போன இடத்தில் அட்டர்னி என் மகள் வயதுப் பெண். அரை மணிக்கு 900 ரேண்ட் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாலாம் பக்கத்தில் 'அசைன்' என்ற சொல்லைப் பென்சிலால் சுழித்தார். "அங்கிள், இது வீட்டை வாடகைக்கு விடுவதில்லை, எழுதிக் கொடுப்பது" என்றார். பதிவு செய்த ஒலி, ஏற்பாடு செய்தவருக்கு. அதில் சண்டை வேண்டாம். வரிகளும் மெட்டும் என்னுடையவை; என் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 50 வருஷமும். அதை 5 வருஷத்துக்கு மட்டும் பயன்படுத்த விடும் லைசென்ஸாக மாற்றி எழுதினார். "சாம்ரோவில் சேர்ந்தாச்சா?" என்று கேட்டார். பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வாங்கித் தரும் சங்கம் அது. இல்லை. லோட்டஸ் எஃப்எம்மில் பாட்டுப் போனால் எழுதியவனுக்கு வரவேண்டிய காசு எப்படி வந்து சேரும் என்று ஒரு பார்வை பார்த்தார்.

மாற்றிய பத்திரத்தைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் சுண்டிவிட்டது. 8,000-ஐ 5,000 ஆக்கினார். சரி என்றேன்.

ஃபீனிக்ஸ் கீபோர்டு:

எனக்குப் பத்திரமே கிடையாது. கல்யாணக் கச்சேரி, 14,000 ரேண்ட் பேச்சு, 4,000 அட்வான்ஸ், மீதி வரவில்லை. வக்கீலிடம் போனால், "எனக்குக் கொடுக்கும் காசு வீண், ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போ" என்றார். நல்ல மனுஷன். 20,000 ரேண்ட் வரை அங்கே போகலாம், வக்கீல் வாதாட அனுமதியே இல்லை. முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ், அப்புறம் சம்மன். என்னிடம் இருந்த ஆதாரம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: 'சனி 6 மணி, 14 ஓகே.' அங்கே தீர்ப்புச் சொல்லும் கமிஷனர் அதைப் படித்துவிட்டு, "பதினாலு என்ன? பாட்டா, ஆளா?" என்றார். நல்லவேளை, அட்வான்ஸ் வங்கியில் போட்டிருந்தார்கள், அதில் 'டெபாசிட்' என்று குறிப்பும் இருந்தது. இப்போது பூஜ்யங்களை முழுசாக எழுதுகிறேன்.

மரிட்ஸ்பர்க் மிருதங்கம்:

எங்கள் சித்தப்பா 1991-இல் ஒரு கேசட்டுக்கு ஆறு பாட்டு கொடுத்து 500 ரேண்ட் வாங்கினார். இன்றைக்கும் யார் யாரோ அதைப் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். கேட்டால், "வித்தாச்சுடா, விடு" என்பார். நான்தான் சாலமன் லிண்டா கதையைச் சொல்லி நச்சரிப்பேன். 1939-இல் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்த ஜூலு பாடகர், வெறும் 10 ஷில்லிங்குக்கு உரிமையை விட்டு 1962-இல் ஏழையாகச் செத்தார். ஓவன் டீன் என்ற வக்கீல் 1911-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டத்தைத் தோண்டி, எழுதியவர் இறந்து 25 வருஷத்தில் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று, அந்தப் பாட்டிலிருந்து வந்த 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'டை 'லயன் கிங்' படத்தில் போட்ட டிஸ்னி மேல் வழக்குப் போட்டார். 2006-இல் சமரசம் ஆனது. ஆனால் அது பழைய சட்டக் காலத்துப் பாட்டுகளுக்கு மட்டும். சித்தப்பாவுக்கு உதவாது.

ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஜெயித்தால் 40 சதவீதம் கொடு என்றார். வெற்றிக் கட்டணம் கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

சாட்ஸ்வொர்த் பாடகர்:

தம்பி, ஒன்று கேட்கிறேன். சித்தப்பா எதிலாவது கையெழுத்துப் போட்டாரா?

மரிட்ஸ்பர்க் மிருதங்கம்:

கேட்டேன் அண்ணா. பணத்தை வாங்கிக்கொண்டு கை குலுக்கினாராம், காகிதம் எதுவும் இல்லையாம்.

சாட்ஸ்வொர்த் பாடகர்:

அப்படியானால் விற்றதாக எப்படிச் சொல்வது? 1978 காப்புரிமைச் சட்டப்படி, கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது என்று என் அட்டர்னி சொன்னார். கேசட் உறை இருந்தால் எடுத்து வை. திங்கட்கிழமை சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அந்தப் பெண்ணிடம் நானே அழைத்துப் போகிறேன்.