பேட்மேனின் மனக்குரலைப் படம் ஏன் கைவிட்டது?

கேள்வி:
ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ (1986) காமிக்ஸை வாசித்தபின், 2012, 2013ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த அதன் அனிமேஷன் வடிவத்தைப் பார்த்தேன். பேட்மேனின் மனக்குரலை நீக்கியது ஏன்?

மறுமொழி 1:
காமிக்ஸில் வாசகர் தம் வேகத்தில் கட்டத்துக்குக் கட்டம் நகர்வதால், அடிதடிக்கு நடுவிலும் நின்று மனவோட்டத்தை வாசிக்க முடிகிறது. திரையிலோ குத்து விழும் நொடியிலேயே குரலும் ஒலித்தாக வேண்டும் என்பதால் சண்டையின் விசை குன்றிவிடும்.

மறுமொழி 2:
எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாண்டு ஓய்வுக்குப் பின் களமிறங்கும் 55 வயதுக்காரரின் மூட்டுவலியும் ஆவேசமும் அந்தக் குரலில்தான் இருந்தன. அதை இழந்தபின் எஞ்சுவது வெறும் தசைவலிமையே.

மறுமொழி 3:
படத்தில் பேட்மேனுக்குக் குரல் கொடுத்த நடிகர் பீட்டர் வெல்லரின் வறண்ட தொனி அந்த முதுமையை ஓரளவு ஈடுசெய்கிறது. தொலைக்காட்சிப்பெட்டி வடிவக் கட்டங்களில் மில்லர் அடுக்கிய செய்தி வாசிப்புகளோ, உண்மையில் திரைக்கே அதிகம் பொருந்துகின்றன.