ஜாடியில் உடனே தெளிகிற கலங்கல், சிமுலேஷனில் படிய மாட்டேன் என்கிறது – உதவி தேவை

கேள்வி (தேவிபட்டினம்):
வணக்கம். நீர்மத்தில் நுண்துகள்கள் பரவிப் படிவதைக் கணினியில் மாதிரிப்படுத்துவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாவில் எழும் கலங்கல் பாம்பன் கால்வாய் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. அதில் எவ்வளவு குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் படியும் என்று கணிக்க வேண்டும்.

இங்கே கரையோரம் அள்ளிய தண்ணீரை 30 செ.மீ. உயர அளவுஜாடியில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. சிமுலேஷனிலோ 2 மைக்ரான் துகள், நீர்மத்தில் சிறு உருண்டை படியும் வேகத்தைத் தரும் ஸ்டோக்ஸ் வாய்பாட்டின்படி, நொடிக்கு 4 மைக்ரான்தான் இறங்குகிறது. அடியைத் தொட 20 மணி நேரம் ஆகும்! அடர்த்தி, வெப்பநிலை, பாகுநிலை எல்லாம் சரிபார்த்தாயிற்று. துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, விலக்கு இரண்டும் உண்டு. துகளைச் சூழ்ந்து மற்றத் துகள்களை விலக்கிவைக்கும் மின்னூட்டப் படலத்தின் (மின் இரட்டைப் படலம்) தடிமன் 10 நானோமீட்டர். எங்கே இடிக்கிறது?

மறுமொழி (மண்டபம்):
தங்கச்சி, அந்த 2 மைக்ரான் எந்தச் சோதனையில் வந்தது?

கேட்டவர்:
ஹைட்ரோமீட்டர் சோதனை, அண்ணே. மண் கரைசலின் அடர்த்தி குறைவதை அளந்து துகள் அளவைக் கணிப்பது.

மறுமொழி (மண்டபம்):
அங்கேதான் இருக்கிறது விஷயம். அந்தச் சோதனையில் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் ஊற்றுவார்கள். களிமண் ஒட்டாமல் தனித்தனியாகப் பிரியட்டும் என்பதற்காகவே. கடலில் அது ஏது? 10 நானோமீட்டர் என்பதும் லிட்டருக்கு 0.001 மோல் உப்புள்ள, கிட்டத்தட்ட நல்ல தண்ணீரின் கணக்கு. கடல்நீரில் சுமார் 0.7 மோல் இருக்கும், படலம் 0.4 நானோமீட்டருக்குச் சுருங்கிவிடும். விலக்குவிசை போய்விட்டால் முட்டிய துகள் ஒட்டிக்கொள்ளும், திரளும்.

ஜாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், பஞ்சுப் பிசிறு மாதிரி இறங்குவது தெரியும். உள்ளே பெரும்பகுதி தண்ணீர்தான். 100 மைக்ரான் திரள், நீரைவிடக் கன மீட்டருக்கு 80 கிலோ மட்டும் கூடுதல் அடர்த்தி என்று வைத்தாலே நொடிக்கு அரை மில்லிமீட்டர் வருகிறது. 30 செ.மீ. இறங்கப் பத்து நிமிடம் போதும்.

கேட்டவர்:
பிசிறு நன்றாகவே தெரிகிறது, அண்ணே! ஆனால் படலத் தடிமனுக்கு 0.4 கொடுத்ததும் ஆற்றல் கட்டுக்கடங்காமல் ஏறி சிமுலேஷன் நின்றுவிடுகிறது.

மறுமொழி (தொண்டி):
துகள்களின் இடைவெளி பூஜ்யத்தை நெருங்கினால், அவற்றை ஒட்டவைக்கும் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு வாய்பாட்டில் முடிவிலிக்குப் போகும். இடைவெளிக்கு ஒரு கீழ்வரம்பு வையுங்கள், டைம் ஸ்டெப்பையும் (ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடைப்பட்ட நேரம்) நன்றாகக் குறையுங்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு ஒவ்வொரு துகளையும் துரத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்மொலுகோவ்ஸ்கி 1917-இல் தந்த திரள்தல் சமன்பாட்டை எடுத்து, மோதினால் ஒட்டும் என்று வைத்து, அளவு வாரியாகத் திரள்களை எண்ணினால் போதும்.

உடைவதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கிற இழுப்பில் பெரிய திரள் பிய்ந்துபோகும். ஜாடியில் அளந்த வேகத்தை அப்படியே அங்கே போட்டால் பவளத்துக்குப் போய்ச் சேரும் வண்டலின் கணக்கே மாறிவிடும்.

கேட்டவர்:
சரி அக்கா, அப்படியே மாற்றுகிறேன். கால்வாயில் திரளின் அளவை எப்படி எடுப்பது? பாட்டிலில் அள்ளலாமா?

மறுமொழி (தொண்டி):
வேண்டாம், அள்ளும்போதே பாதி உடைந்துவிடும். வள்ளத்திலிருந்து கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கி, பின்னால் விளக்கு வைத்துப் படம் எடுங்கள். நீரோட்டம் வலுத்திருக்கும்போது ஒரு தடவை, அது திரும்பும் நேரத்தில் தண்ணீர் அடங்கியிருக்கும்போது ஒரு தடவை.