ஓ.பி. நய்யார் பாடல்கள் மட்டும்: இரண்டு பாடகிகள், ஒரு பாடகர், எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மேடைக்காரன்

எங்கள் மெல்லிசைக் குழுவில் இந்தித் திரை இசையமைப்பாளர் ஓ.பி. நய்யாரின் பாடல்களை மட்டும் வைத்து இரண்டு மணி நேர நிகழ்ச்சி போடுகிறோம். ஒரு பாடகிக்கு மெல்லிய குரல், மேல் ஸ்தாயி சுலபமாக வரும், இதுவரை பாடியது பெரும்பாலும் லதா பாடல்கள். இன்னொருவருக்குக் கனமான குரல். கீதா தத், ஷம்ஷாத் பேகம், ஆஷா மூன்று பேரின் பாட்டையும் இவர்கள் இருவரும்தான் பாட வேண்டும். முதல் பாடகிக்காகக் கட்டையை (சுருதியை) ஏற்றலாமா? தாளத்துக்கு ஒரு டோலக்கும் ஒரு ரிதம் பேடும் (மின்னணுத் தாளக் கருவி) உண்டு. குளம்பொலித் தாளத்தில் ஓடும் குதிரைவண்டிப் பாட்டு எல்லாம் ஒத்திகையில் சப்பென்று இருக்கிறது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய தட்டு

கட்டையை ஏற்றாதீர்கள் சார். 1952இல் 'ஆஸ்மான்' படத்தில் தொடங்கியவர் கடைசிவரை லதாவை ஒரு பாட்டுக்கும் அழைக்கவில்லை. அதைப் பற்றி ஆயிரம் வம்பு உலவுகிறது, நமக்கு அது வேண்டாம். மெட்டைப் பாருங்கள். பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே சுற்றி வரும். உச்சத்தில் நின்று காட்டுவது அவர் பாணி இல்லை. ஒரு சொல்லை வெட்டுவது, அடுத்ததைக் கொஞ்சம் தாமதித்து விடுவது, இதில்தான் அவர் சுகம். இரண்டு கட்டை ஏற்றினால் சுருதி பிசகாது, ஆனால் குறும்பு போய்விடும்.

எந்தப் பாட்டு யாருக்கு என்பதற்கு 1958இல் வந்த 'ஹௌரா பிரிட்ஜ்' ஒன்றே போதும். ஹெலனின் 'மேரா நாம் சின் சின் சூ' கீதாவுக்கு, மதுபாலாவின் 'ஆயியே மெஹர்பான்' ஆஷாவுக்கு. இரண்டுமே கேளிக்கை அரங்கப் பாட்டு. முதலாவதில் குரல் துள்ளுகிறது, இரண்டாவதில் மூச்சோடு சேர்ந்து தாழ்கிறது. உங்கள் கனத்த குரல்காரருக்கு 'ஆயியே மெஹர்பான்' கொடுங்கள், மைக்கை ஒட்டிப் பாடச் சொல்லுங்கள். சத்தம் கூட்ட வேண்டியது மிக்சரில், தொண்டையில் அல்ல.

மெல்லிய குரல்காரருக்கு கீதாவின் பாட்டுகள் பொருந்தும். 1954 'ஆர் பார்' படத்தின் 'பாபுஜி தீரே சல்னா' எடுத்துக்கொள்ளுங்கள் (மெட்டு 'கிசாஸ், கிசாஸ், கிசாஸ்' என்ற கியூபப் பாட்டிலிருந்து வந்தது, அதன் ஆட்ட நடையை விட்டுவிடாதீர்கள்). லதா பாணியில் சொல்லுக்குச் சொல் ஒட்டவைத்துப் பாடினால் தாலாட்டாகிவிடும். முதலில் வரிகளை மெட்டில்லாமல் தாளத்துக்குப் பேசிப் பழகட்டும், பிறகு பாடட்டும்.

சிக்கல் ஷம்ஷாத்தான். திறந்த தொண்டை, அசைவில்லாத நேர்க்குரல். கோயில் மணி மாதிரிக் குரல் என்று நய்யாரே சொன்னதாக உண்டு. 1956 'சி.ஐ.டி.'யின் 'கஹீன் பே நிகாஹேன்' பாட்டில் நெளிவு சேர்த்தால் ஷம்ஷாத் போய் சுமாரான ஆஷா வந்து நிற்பார். இருவரில் யாருக்கு நடுக்கமில்லாமல் நீட்ட வருகிறதோ அவருக்குக் கொடுங்கள், குரல் கனமா மெலிதா என்று பார்க்க வேண்டாம்.

பதில்: டோலக் மணி

வண்டித் தாளம் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் காரணம் பேடில்தான் இருக்கும். ஒவ்வொரு அடியையும் இரண்டாகவோ நான்காகவோ சமமாகப் பிரித்து வைத்திருப்பீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கிலும் மூன்றாம் பங்கிலும் தட்டு விழ வேண்டும், நடுப்பங்கு காலி. நெடில், குறில், நெடில், குறில் என்று ஓடும். 'நயா தௌர்' (1957) படத்தின் 'மாங்க் கே சாத் தும்ஹாரா', 1963இல் வந்த 'பந்தா பர்வர்', 1966இல் வந்த 'ஜரா ஹௌலே ஹௌலே' மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், பிடிபடும்.

பேடில் இருக்கும் மரக்கட்டை ஒலி மிகக் கூர்மை. காய்ந்த கொட்டாங்கச்சி இரண்டு, மெல்லிய துணி விரித்த பலகை, அரை அடி தள்ளி ஒரு மைக், அவ்வளவுதான் செலவு. குளம்பொலி குரலுக்குக் கீழே நிற்கட்டும், இடையிசையில் மட்டும் மேலே வரட்டும். பேஸ் டிரம் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டோலக்கின் இடது பக்கம் இழுத்துக் கொடுக்கும் கும்காரத்தை அது விழுங்கிவிடும். பல குழுக்கள் செய்யும் தவறு இதுதான்.

பதில்: சுருதிப்பெட்டி

மேலே இருவர் சொன்னதும் சரி. ஆனால் எந்தப் பதிவை வைத்துப் பழகுகிறீர்கள்? நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டை 74க்கு அருகில் ஓட்டிப் பதிவேற்றியிருந்தால் ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கியிருக்கும். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை 25 பிரேம் வீடியோவாக மாற்றியிருந்தால் 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். தட்டையும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் கட்டையை முடிவு செய்யுங்கள். பிற்காலத்தில் ரிவைவல் என்ற பெயரில் புதுத் தாளம் ஏற்றி வந்தவற்றைக் காதிலேயே போடாதீர்கள். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும், அதனால் நீளத்துக்குப் படத்தையும் பாருங்கள். 'சி.ஐ.டி.'யின் 'ஜாத்தா கஹான் ஹை தீவானே' மட்டும் படத்தில் கிடைக்காது, அங்கே தட்டுதான் ஆதாரம்.

பாடகருக்கு ஒரு வார்த்தை. 1964 'காஷ்மீர் கி கலி'யின் 'தாரீஃப் கரூன் க்யா உஸ்கி' கடைசியில் அந்த வரி திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்று கீபோர்டுக்காரரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு இடத்தில் நிற்பீர்கள். ரஃபி பாட்டுகளுக்கு நடுவில் மகேந்திர கபூர் ஒன்று வையுங்கள், 'கிஸ்மத்' (1968) படத்தின் 'லாக்கோன் ஹைன் யஹான் தில்வாலே' போதும்.

கேள்வி: மேடைக்காரன்

நன்றி அண்ணன்மாரே. 'கஜ்ரா மொஹப்பத் வாலா' இருவரும் சேர்ந்து பாட ஆசைப்படுகிறார்கள். யாருக்கு எது?

பதில்: பழைய தட்டு

அதுவும் 'கிஸ்மத்' படத்தில்தான். பெண் வேடமிட்ட பிஸ்வஜீத்துக்கு ஷம்ஷாத், ஆண் வேடத்தில் வரும் பபீதாவுக்கு ஆஷா. வேடிக்கையே அந்தக் குரல் மாறாட்டம்தான். இரு குரலும் ஒன்றுபோல் ஒலித்தால் பாட்டே வீண். ஆஷா பகுதியைக் குழைவாகப் பாடுபவருக்கும் ஷம்ஷாத் பகுதியை நேராகப் பாடுபவருக்கும் கொடுங்கள். இரண்டு மைக்கிலும் எக்கோ ஒரே அளவில் இருக்க வேண்டாம், ஷம்ஷாத் பக்கம் முழுக்கக் குறைத்துவிடுங்கள்.