இம்மொபைலைசருக்குத் தமிழில் என்ன?

காரைக்குடி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகவேண்டும். சாவிக்குள் இருக்கும் சிப் தரும் குறியீடு காரின் கணினிக்குப் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது, அதுதான் இம்மொபைலைசர். 'அசைவற்றதாக்கி' என்று ஒரு மாணவர் எழுதியிருக்கிறார், படிக்கவே மூச்சு வாங்குகிறது. நல்ல சொல் தாருங்கள்.

தேவகோட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):
முடக்கி. முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை, மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்பதில் வருகிற அதே இகர விகுதி. முடம், முடவன் எல்லாம் இந்த வேர்தான். முடங்கல் என்றால் ஓலைக்கடிதம், சுருட்டி மடக்குவதால் வந்த பெயர்.

கோட்டையூர்:
ஐயா, காரை விட்டுவிட்டு ஓலைக்குப் போய்விட்டீர்கள். வண்டிப்பூட்டு என்றால் போதாதா? எங்கள் ஆச்சிக்குக்கூடப் புரியும்.

தேவகோட்டை:
உங்கள் ஆச்சியிடமே கேளுங்கள். வண்டி பூட்டியாச்சா என்றால் மாட்டை நுகத்தில் கட்டிப் புறப்படத் தயாரா என்று பொருள். ஏர் பூட்டுவதும் அப்படியே. ஓடவிடாமல் நிறுத்தும் கருவிக்குக் கிளப்பிவிடும் பெயரா?

புதுவயல், பட்டறை:
பட்டறையில் பூட்டு என்றால் ஸ்டியரிங் லாக், கியர் லாக்தான் அண்ணே. அமெரிக்காவில் சாவியைத் திருகிக் கிளப்புகிற கியா, ஹூண்டாய் கார்கள் பலவற்றை இம்மொபைலைசர் இல்லாமலே விற்றார்கள். சாவித்துவாரத்தை உடைத்து யூஎஸ்பி முனையால் திருகியே ஓட்டிப்போனார்கள், அந்த வீடியோக்கள் 2021, 2022-ல் பரவி ஊர் ஊராகத் திருட்டு. கனடாவில் 2007 முதலே புதுக் காருக்கு இது கட்டாயம், ஐரோப்பாவில் 1998-லேயே. கம்பெனி விருப்பத்துக்கு விட்டால் விலை குறைந்த மாடலில் முதலில் கழற்றுவது இதைத்தான். சட்டம் வேண்டும் என்பது என் கட்சி.

காரைக்குடி:
அந்தப் பகுதியும் பாடத்தில் வருகிறது. சட்டத்தில் வெறும் பூட்டு என்று எழுதினால் ஒரு கியர் லாக்கை மாட்டிவிட்டு விதிப்படி முடிந்தது என்பார்கள். ஆகவே சொல் கொஞ்சம் கறாராக இருக்கட்டும்.

கோட்டையூர்:
கட்டாயமாக்குங்கள், ஆனால் சாவி தொலைந்தால் புதுச் சாவியைக் காரோடு பதிவுசெய்கிற செலவுக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள். அப்புறம், சாவியைச் செருகாமல் அது பக்கத்தில் இருந்தாலே கிளம்பும் கீலெஸ் கார்களில் வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் சிக்னலைக் கருவி வைத்து வாசலுக்குக் கடத்துகிறார்களே, அதைச் சரியான சாவி என்று நம்பிக் கதவும் திறக்கும், எஞ்சினும் ஓடும். நம் வீடுகளில் பின்கட்டில் வைத்தால் ஒருவேளை எட்டாது! முடக்கி என்று மொட்டையாகச் சொன்னால் எதை முடக்குவது? எஞ்சின்முடக்கி என்றாவது வையுங்கள்.

தேவகோட்டை:
எஞ்சின் எதற்கு? பொறிமுடக்கி.

புதுவயல்:
பொறி என்றால் எலிப்பொறியா, தீப்பொறியா? வேலைக்கு வருகிற பையன் குழம்பிவிடுவான்.

காரைக்குடி:
மூன்று பேர் எஞ்சின்முடக்கி பக்கம், ஐயா ஒருவர் எதிர்ப்பு. அதையே போடுகிறேன், அடைப்புக்குறியில் இம்மொபைலைசரும் இருக்கும். அச்சகத்துக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

தேவகோட்டை:
என் எதிர்ப்பு நிற்கிறது. தவிர, குறிப்பு முழுக்கச் சாவி, சாவி என்று எழுதியிருக்கிறீர்கள். அது போர்த்துக்கீசியம். திறவுகோல் என்ன பாவம் செய்தது?